வெளியே நின்ற கப்பலும் சாலம்மாவின் மூட்டையும்

தம்பிகளே, முதலில் என் எழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். நான் எழுதும் வரி தொடங்கிய உயரத்தில் முடியாது. இரண்டு விரல் கீழே இறங்கிவிடும். நாலாம் வகுப்போடு நின்றவன். வாழைப்பழத்தை வாயப்பயம் என்று சொல்லியே வளர்ந்ததால், எங்கே ‘ழ’ போடுவது, எங்கே ‘ய’ போடுவது என்பது இன்னமும் எனக்குச் சந்தேகம்தான். தப்பு இருக்கும் இடத்தில் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நீங்கள் நாலு பேரும் திருத்தணி மலைக்கு வந்துவிட்டு, அப்படியே என்னையும் பார்க்க வந்தீர்கள். அம்மையார்குப்பத்திலிருந்தும் ஆர்.கே.பேட்டையிலிருந்தும் போய், மதராஸ் துறைமுகத்தில் மோட்டார் லாஞ்சில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். நான் கண் மங்கிப்போய் இறங்கி வந்த அதே வேலை. “உங்க அனுபவம் நாலு வார்த்த சொல்லுங்க” என்று கேட்டீர்கள். நான் காபி வாங்கிக் கொடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அனுப்பிவிட்டேன். பஸ்ஸுக்கு நேரம் ஆகவில்லை. எதிரே நாலு பேர் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

கயிறு கட்டுவது, டயர் தொங்கவிடுவது, எஞ்சினுக்கு எண்ணெய் விடுவது எல்லாம் அங்கே உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அதை நான் எழுதவில்லை. ஒரு நாள் நடந்த ஒரு காரியத்தை மட்டும் எழுதுகிறேன்.

யுத்தத்தின்போது துறைமுகப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது நான் சேர்ந்தேன். கடைசியில் இத்தாலி தேசத்தில் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகும் அங்கே லாஞ்சில் வேலை இருந்தது. அது பெரிய துறைமுகம். எங்கள் லாஞ்சு நான்கு ஆள் லாஞ்சு. சுக்கான் பிடிப்பவர் சாரங்கு. கீழே எஞ்சினுக்கு ஒருவர். முன்னால் கயிற்றுக்கும் கொக்கிக் கம்புக்கும் முனிரத்தினம், ஆர்.கே.பேட்டைக்காரன், என் மனைவிக்குத் தூரத்துச் சொந்தம், அதனால் என்னை பாவா என்று கூப்பிடுவான். நடுவில் ஆட்களை ஏற்றி இறக்குவதற்கு நான்.

சாரங்கு நாகப்பட்டினத்துப் பக்கம். அவர் பெயரை எழுதவில்லை. தன்னைப் பற்றி நாலு பேர் பேசினாலே எழுந்து போய்விடுகிறவர். காகிதத்தில் எழுதினால் விரும்பமாட்டார்.

லாஞ்சு வேலைக்குப் போகிறவன் காலையில் முதலில் கேட்க வேண்டியது, கப்பல் எங்கே நிற்கிறது என்பது. மதராஸில் பெரும்பாலும் கப்பல் உள்ளே வந்து மேடையை ஒட்டி நின்றுவிடுகிறது. பலகை போட்டால் கிழவிகூட நடந்து இறங்கிவிடலாம். நேப்பிள்ஸில் அப்படி இல்லை. குண்டு விழுந்து மூழ்கிய கப்பல்கள் மேடைக்குப் பக்கத்திலேயே கவிழ்ந்து கிடந்தன. சின்னக் கப்பல்களை அந்தக் கவிழ்ந்த கப்பலின் வயிற்றோடு சேர்த்துக் கட்டி, மேலே மரப்பாலம் போட்டு ஆளை இறக்குவார்கள். பிரயாணிகள் வரும் பெரிய கப்பலுக்கு உள்ளே இடம் கிடைக்காத நாளில், அது அலைதடுப்புச் சுவருக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். ஊர் பார்க்க இறங்குகிறவர்களைக் கரைக்குக் கொண்டுவருவதும், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் எங்கள் வேலை.

உள்ளே நிற்கும் கப்பல் கட்டிடம் மாதிரி. வெளியே நங்கூரத்தில் நிற்கும் கப்பல் கட்டிப்போட்ட மாடு மாதிரி. காற்று திரும்பினால் அதுவும் திரும்பும். காலையில் ஆளை இறக்கிய ஏணி சாயங்காலம் காற்று அடிக்கிற பக்கம் வந்து நிற்கும். காலையில் சுலபமாக இருந்தது என்று சாயங்காலமும் அப்படியே போகாதீர்கள்.

இப்போது ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும்.

நாங்கள் சேர்ந்த புதிதில் ஒரு நாள், மேடையிலிருந்து லாஞ்சு நிறைய ஆளோடு கிளம்பினோம். சாரங்கு சுக்கானில் நின்றுகொண்டு, “முன்கயிறு விட்டாச்சா?” என்று கேட்டார். முனிரத்தினம் “ஆங்” என்றான். சாரங்கு மணி அடித்தார், கீழே எஞ்சின்காரர் பின்னுக்குப் போட்டார். கயிறு இன்னும் மேடைக் கட்டையில்தான் இருந்தது. லாஞ்சு ஒரு இழுப்பு இழுத்து அப்படியே திரும்பிவிட்டது. ஒரு வயதான பாதிரியார் போய் இரண்டு சீமாட்டிகளின் மடியில் உட்கார்ந்தார். ஒரு கூடை ஆரஞ்சுப் பழம் தண்ணீரில் மிதந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆட்களை இறக்கிவிட்டு வந்த பிறகு சாரங்கு விசாரணை வைத்தார்.

“விட்டாச்சான்னு கேட்டேன். நீ ஆங்ன்னியா இல்லியா?”

“ஆங்ன்னேன்.”

“அப்பறம் கயிறு எப்படிய்யா கட்டையிலேயே கெடந்திச்சு?”

“நீங்க கேட்டது காதுல வுழுந்திச்சின்னு ஆங்ன்னேன். வுடத்தான் போய்கினு இருந்தேன், அதுக்குள்ள இழுத்துட்டீங்க.”

“அப்ப காதுல விழுந்ததுக்கு ஒரு ஆங், செஞ்சு முடிச்சதுக்கு ஒரு ஆங்கா ஒங்க ஊர்ல?”

முனிரத்தினம் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆங்” என்றான்.

“இது எந்த ஆங்குய்யா?”

நானும் எஞ்சின்காரரும் சிரித்துவிட்டோம். சாரங்கு சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நம் பக்கத்தில் எதிராளி பேசப் பேச ஆங், ஆங் என்று சொல்லிக்கொண்டிருப்போம். அது ஆமாம் என்றும் ஆகும். நீ பேசுவது கேட்கிறது, மேலே சொல் என்றும் ஆகும். முகத்தைப் பார்த்தால் எந்த ஆங் என்று நமக்குத் தெரிந்துவிடும். முதுகைக் காட்டிக்கொண்டு எஞ்சின் சத்தத்தில் கேட்கிறவருக்கு எப்படித் தெரியும்?

“இனிமே இந்த லாஞ்சுல ஆங் கெடையாது” என்றார் சாரங்கு. “விட்டாச்சு, கட்டியாச்சு, இல்லை. இந்த மூணுதான். வேற ஒண்ணும் என் காதுல விழக்கூடாது.”

முனிரத்தினம் என் பக்கம் திரும்பி, “ஏன் பாவா, ஊருக்குப் போனா பொண்டாட்டி கூப்டுவா. கட்டியாச்சுன்னா சொல்றது?” என்றான்.

அன்றிலிருந்து சாரங்கு எங்களை ஆங் கம்பெனி என்றுதான் கூப்பிடுவார். பழக்கத்தை விடக் கொஞ்ச காலம் பிடித்தது. முனிரத்தினம் பல தடவை “ஆ—” என்று தொடங்கி, மீதியை விழுங்கிவிட்டு, “விட்டாச்சு” என்பான். ஆனால் பழகிவிட்டோம். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் சாரங்கு யாராக இருந்தாலும் நம் ஊர்க்காரராக இருக்கமாட்டார்.

இனி அந்த நாள்.

சீமையிலிருந்து பம்பாய்க்குப் போகிற பிரயாணிக் கப்பல் ஒன்று காலையில் வந்து வெளியே நங்கூரம் போட்டது. துரைமார் குடும்பங்கள் ஊர் பார்க்க இறங்கினார்கள். கடல் சமாதானமாக இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து காற்று எழுந்தது. அந்தத் துறைமுகத்துக்கு அதுதான் ஆகாத காற்று. அந்தப் பக்கம் மறைப்பு ஒன்றும் இல்லாமல் கடல் திறந்து கிடக்கிறது. அலைதடுப்புச் சுவரின் மேலே நுரை தெரிய ஆரம்பித்தது. வெளியே நின்ற கப்பல் ஊதியது. கொஞ்சம் விட்டு மறுபடியும் ஊதியது.

மேடையில் இருந்த கப்பல் ஏஜெண்டின் ஆள் ஓடிவந்து, “கப்பல் நங்கூரம் எடுக்கப் போகிறது, தரையில் பிடிப்பு இல்லாமல் நழுவுகிறதாம், இதுதான் கடைசி லாஞ்சு” என்றான். ஊருக்குள் போனவர்களில் பாதிப் பேர் இன்னும் திரும்பவில்லை. முந்தைய லாஞ்சில் குழந்தைகளும் சீமாட்டிகளும் போய்விட்டார்கள். இடம் போதாமல், வேலைக்காரர்கள் அடுத்ததில் வரட்டும் என்று விட்டிருந்தார்கள். அந்த அடுத்தது நாங்கள்தான்.

லாஞ்சில் ஏறினவர்களில் ஒருத்தி நம் தேசத்துப் பெண். வெள்ளைப் புடவை, முழுக்கை ரவிக்கை. ஆயா வேலைக்காரி என்று பார்த்தாலே தெரிந்தது. மடியில் ஒரு பெரிய துணி மூட்டை. முனிரத்தினம் யாரையோ பார்த்து, “சீக்கிரம் வா, அலை வந்துகினு கீது” என்று சொன்னதும் அவள் தலையைத் தூக்கினாள்.

“நீங்க எந்தப் பக்கங்க?” என்று என்னைக் கேட்டாள்.

“திருத்தணி.”

“நான் சோளிங்கர்ங்க.” பிறகு நிறுத்தாமல் பேசினாள். பெயர் சாலம்மா. மிஷன் பங்களாவில் வேலைக்கு இருந்தவள். யுத்தத்துக்கு முன்னால் ஒரு துரை குடும்பத்தோடு சீமைக்குப் போனாள். ஒரு வருஷத்தில் திருப்பி அனுப்புவதாகச் சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். யுத்தம் வந்து கப்பல் நின்றுவிட்டது. அந்தக் குடும்பத்தை விட்டு வேறு குடும்பம், இப்போது இந்தக் குடும்பத்தோடு திரும்புகிறாள்.

“போறப்போ எம் பொண்ணு கையப் புடிச்சிகினு ரயிலடி வரைக்கும் வந்திச்சி. அரக்கோணத்துல எங்கக்கா வூட்ல கீது. இப்போ தாவணி போடுதாம்.”

“மூட்டையில இன்னாம்மா, கல்லா?” என்று முனிரத்தினம் கேட்டான்.

“எல்லாம் அதுக்குத்தான். வருசத்துக்கு ஒண்ணா சேத்தது. கப்பல் ரூம்புல நாலு பேரு கீறோம், வெச்சிட்டு வர பயம். அதான் கையோட வெச்சிகினு சுத்தறேன்.”

அப்போது கப்பல் மறுபடி ஊதியது. அவள் முகம் மாறிவிட்டது.

“வுட்டுட்டுப் போய்டுவாங்களா?”

“அதுக்குள்ள போய்டலாம்” என்றேன்.

“என்னை வுட்டுட்டா அவ்ளோதாங்க. தொரசானியோட பாஸ்போட்டு காயிதத்துலதான் எம் பேரு கீது. கரையில நின்னா நான் யாருமில்ல.”

அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும் லாஞ்சு ஆட ஆரம்பித்தது. பேச்சு நின்றுவிட்டது.

கப்பலின் பக்கவாட்டில் ஏணி தொங்குகிறது. அடியில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்குத் தட்டு. அதில் கப்பலின் மாலுமி ஒருவன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். லாஞ்சு அலையோடு மேலே வரும்போது தட்டும் லாஞ்சின் ஓரமும் ஒரு மூச்சு நேரம் சமமாக இருக்கும். அதற்குள் கம்பியைப் பிடித்துத் தட்டில் கால் வைத்துவிட வேண்டும். உடனே முனிரத்தினம் கொக்கியை விட, லாஞ்சு விலகிவிட வேண்டும். விலகாமல் நின்றால் அடுத்த அலையில் ஓரம் தட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ஆளுக்கும் சாரங்கு இப்படிப் போய்ப் போய் வந்தார். “புடிச்சாச்சா?” என்று கேட்பார்; அவர்கள் தங்கள் பாஷையில் பதில் சொல்வார்கள்; “விடு” என்பார்; முனிரத்தினம் “விட்டாச்சு” என்பான்.

ஆண்களுக்கு நான் கை கொடுப்பேன். பெண்களுக்குக் கை கொடுக்க எனக்குக் கூச்சம். துடுப்பின் பிடியை நீட்டுவேன். சாரங்கு இதற்காகவும் என்னைக் கேலி செய்வதுண்டு. அன்றும் துடுப்பைத்தான் நீட்டினேன்.

எல்லோரும் ஏறிவிட்டார்கள். சாலம்மா மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக வந்தாள். லாஞ்சின் ஓரத்தில் ஏறி நின்றாள். சாரங்குக்கு அவள் முதுகுதான் தெரியும்.

“கம்பியப் புடிச்சாச்சாம்மா?”

“ஆங்” என்றாள் சாலம்மா.

“விடு.”

“விட்டாச்சு.”

அந்த ஆங் எந்த ஆங் என்று எனக்குத் தெரிந்தது. காதில் விழுந்தது என்கிற ஆங். பார்த்தேன். இரண்டு கையும் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தன. ஒரு கால் தட்டில், ஒரு கால் லாஞ்சில். லாஞ்சு இறங்க ஆரம்பித்துவிட்டது. துடுப்பைப் போட்டுவிட்டு அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துப் பின்னால் விழுந்தேன். அவள் மூட்டையோடு என் மேல் விழுந்தாள். அடுத்த அலையில் தட்டு வந்து எங்கள் ஓரத்தில் இடித்தது. ஒரு பலகை நீளமாகப் பிளந்தது. அவள் கால் இருந்த இடம்.

சாரங்கு கத்தினார். “என்னய்யா பண்றே? அவதான் ஆங்ன்னாளே.”

“அது காதுல வுழுந்த ஆங்குங்க” என்றேன்.

அவர் பிளந்த பலகையைப் பார்த்தார். லாஞ்சைத் திருப்பி விலக்கினார்.

மேலே கப்பலின் முன்பக்கத்தில் நங்கூரச் சங்கிலி ஏறும் சத்தம் கேட்டது. மேல்தட்டிலிருந்து அதிகாரி ஒருவர் கையை வீசி, போ போ என்று காட்டினார். ஏணியைத் தூக்க இரண்டு பேர் வந்து நின்றார்கள். சாலம்மா எழுந்திருக்காமல் லாஞ்சின் தரையிலேயே உட்கார்ந்து, ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. சாரங்கு தொப்பியைக் கழற்றி ஒரு விரலைத் தூக்கி அந்த அதிகாரிக்குக் காட்டினார். இன்னும் ஒரு தடவை என்று அர்த்தம். அதிகாரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஏணிக்காரர்களைப் பொறுக்கச் சொன்னார்.

“ஒரே தடவதான்” என்றார் சாரங்கு எங்களிடம். “ரெண்டு கையும் அவளுக்கு வேணும். மூட்டைய அப்பறம் எடுத்துத் தர்றோம்னு சொல்லு. நம்பி ஏறட்டும்.”

தம்பிகளே, அவர் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். அவர் சொன்னால் நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. அவர் சொன்ன பொய்யும் நல்லதுக்காகச் சொன்னதுதான். ஆனால் நான் அந்த ஏணியை நினைத்துப் பார்த்தேன். தட்டில் ஏறியவள், மூட்டை பின்னால் வருகிறது என்று நம்பினால் என்ன செய்வாள்? திரும்புவாள். ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்து நீட்டுவாள். ஆடுகிற ஏணியில் திரும்புகிற ஆள் நிற்கமாட்டாள்.

அவள் பக்கத்தில் குனிந்து சொன்னேன். “சாலம்மா, இன்னொரு தபா போறோம். மூட்டை வராது. நீ மட்டுந்தான்.”

“தூக்கிப் போட முடியாதுங்களா?”

“முடியாது. மேல நிக்கிறவன் அதப் புடிச்சா உன்ன வுட்டுடுவான்.”

“அப்பறமாவது?”

“அப்பறம்னு ஒண்ணு இல்ல. கப்பல் போகுது. அதுவா நீயான்னு இப்பவே சொல்லிடு.”

நான் ஒருவரிடமும் அப்படிப் பேசியவன் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். மூட்டையின் முடிச்சைக் கையால் ஒரு தடவை தடவினாள். லாஞ்சு ஏணிப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. மூட்டையை எஞ்சின் பெட்டியின் மேல் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

“புடிச்சாச்சான்னு கேட்டா ஆங் சொல்லாத” என்றேன். “கையில கம்பி இருந்தா மட்டும், புடிச்சேன்னு சொல்லு.”

அலை தூக்கியது. இந்தத் தடவை துடுப்பு எங்கே கிடந்தது என்று நான் பார்க்கவில்லை. அவள் முழங்கையைப் பிடித்து ஏற்றினேன்.

“புடிச்சாச்சாம்மா?” என்றார் சாரங்கு.

“பட்டுகுன்னா” என்று கத்தினாள். பயத்தில் வீட்டில் பேசும் தெலுங்கு வந்துவிட்டது.

“என்ன சொல்றா?”

நான் கையைப் பார்த்தேன். இரண்டு கையும் கம்பியில் இருந்தன.

“புடிச்சிட்டாங்க.”

“விடு.”

“விட்டாச்சு.”

லாஞ்சு விலகியது. அவள் ஒரு படி, அடுத்த படி என்று ஏறினாள். மாலுமி பின்னாலேயே ஏறினான். ஏணி அவர்களோடு சேர்ந்தே மேலே போனது போலத்தான் இருந்தது. ஒரு தடவைகூட அவள் திரும்பவில்லை. சங்கிலி முழுவதும் ஏறிக் கப்பல் தலையைத் திருப்பியது.

திரும்பி வரும் வழியில் சாரங்கு கேட்டார். “பொய் சொல்லச் சொன்னேன். ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா திரும்பியிருப்பாங்க.”

“சரி. நெசத்தச் சொன்னியே. மூட்ட இல்லாம போமாட்டேன்னு உக்காந்திருந்தா?”

உட்கார்ந்திருக்கவும் கூடும். அந்த நிமிஷத்தில் எதில் ஆபத்து அதிகம் என்று பட்டதோ அதை விலக்கினேன், அவ்வளவுதான். நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் வேறு மாதிரி செய்யலாம். ஆனால் ஏணியில் நிற்கிறவரிடம் எதைச் சொன்னாலும், அதைக் கேட்டு அவர் கை என்ன செய்யும் என்று ஒரு தடவை யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். வாய் சொல்வதைவிடக் கையைப் பாருங்கள்.

மூட்டை எஞ்சின் பெட்டியின் மேலேயே இருந்தது. முனிரத்தினம் அதை நனையாமல் தார்ப்பாய்க்குள் எடுத்து வைத்தான். யாரும் அவிழ்க்கவில்லை. இதை யாரிடம் கொடுப்பது, சோளிங்கரில் எந்தத் தெரு என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை காற்று அடங்கியிருந்தது. மேடைக்குப் போனால், நேற்று ஊருக்குள் போய்த் திரும்பாதவர்கள் ஒரு கூட்டமாக நின்றார்கள். ஏஜெண்டின் ஆள் வந்து, இவர்களை ஏற்றிக்கொண்டு மேற்கே போங்கள், நேற்றைய கப்பல் முனைக்குப் பின்னால் சின்ன வளைகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கிறது என்றான்.

சாரங்கும் முனிரத்தினமும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

“போவலியா அது?” என்றான் முனிரத்தினம். “எடம் மாறித்தான் நின்னுகினு கீதா? அப்போ நேத்து அந்தம்மாவ ஏன் பாவா அந்தப் பாடு படுத்தினோம்?”

நங்கூரம் எடுக்கிறார்கள் என்றுதான் ஏஜெண்டின் ஆள் சொன்னான். போய்விடுகிறார்கள் என்று அவன் சொல்லவில்லை. நாங்கள்தான் அப்படி எடுத்துக்கொண்டோம். கப்பலில் இருந்தவர்களுக்கும் எங்கே போய் நிற்கப் போகிறோம் என்று அப்போது தெரிந்திருக்குமோ என்னவோ. பிரயாணிக் கப்பல் ஒரு ஊருக்கு வந்தால் அதற்கு ஒரே இடம் இல்லை; மேடை ஒன்று, வெளி நங்கூரம் ஒன்று, காற்று கெட்டுவிட்டால் ஒதுங்கி நிற்க இன்னொன்று. அந்த மூன்றாவது இடம் எது என்று நான் அதுவரை கேட்டதே இல்லை. நீங்கள் போனதும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காலையில் தெரிந்த செய்தியை வைத்து, முந்தைய சாயங்காலம் செய்தது வீண் என்று எண்ணவேண்டாம். சாயங்காலம் நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முனிரத்தினத்திடமும் அதைத்தான் சொன்னேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

முனையைச் சுற்றிப் போனோம். உள்ளே தண்ணீர் ஏரி மாதிரி கிடந்தது. ஊரில் தங்கிவிட்ட துரைமார்கள் கையில் பழக்கூடையும் தலையில் வைக்கோல் தொப்பியுமாக, சிரித்துப் பேசிக்கொண்டே ஏணியில் ஏறிப் போனார்கள். சாரங்கு “புடிச்சாச்சா” என்றுகூடக் கேட்கவில்லை.

எல்லோரும் ஏறின பிறகு, மேலே கம்பியோரம் நின்று பார்த்த ஒரு வெள்ளைக்காரச் சின்னப் பெண் எங்களை யாருக்கோ கையால் காட்டினாள். சற்று நேரத்தில் இடுப்பில் துரைசானியின் குழந்தையோடு சாலம்மா ஏணியில் இறங்கி வந்தாள். கடைசிப் படியில் நின்றாள். நான் தார்ப்பாயை விலக்கி மூட்டையை எடுத்து நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை.

“வராதுன்னு சொன்னீங்களே.”

“வராதுன்னுதான் நெனச்சேன்.”

“நானும் அப்டித்தான் நெனச்சேன். ராத்திரி ஒக்காந்து அழுது முடிச்சிட்டேன். பொண்ணுக்கு இன்னா சொல்றதுன்னுகூட யோசிச்சி வெச்சிட்டேன். இப்போ கொண்டாந்து நீட்றீங்களே, நான் இன்னா பண்ணட்டும்?”

“வாங்கிக்கோம்மா” என்றார் சாரங்கு சுக்கானிலிருந்து.

“எப்படிங்க வாங்கறது? ஒரு கையில கொழந்த, ஒரு கையில கம்பி.” அவள் என்னைப் பார்த்தாள். “நீங்களே மேல கொண்டாந்து குடுங்க.”

எத்தனையோ கப்பலுக்கு எத்தனையோ பேரை ஏற்றிவிட்டவன் நான். அதுவரை எந்தப் பிரயாணிக் கப்பலின் ஏணியிலும் கால் வைத்ததில்லை. மேலே துரைமார்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. முனிரத்தினம் கொக்கியால் தட்டைப் பிடித்துக்கொண்டு, “போ பாவா, நாங்க இங்கியே நிக்கிறோம்” என்றான்.

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையால் கம்பியைப் பிடித்தேன். அவள் முன்னால் ஏறினாள், நான் பின்னால் ஏறினேன்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வருவதற்கு முன்பே எழுத உட்கார்ந்தேன். கூட்டம் வந்து போய், மலைப்படிகளைக் கழுவியும் விட்டார்கள். இன்றைக்குத்தான் இந்தக் காகிதம் முடிந்தது.

திருத்தணி, விரோதி வருஷம், ஆவணி மாதம் ஐந்தாம் தேதி.